வார்த்தைக்கு ஒரு குட்டு

ஜூன் 3, திங்கள்

இன்றிலிருந்து நான் சொல்லச் சொல்ல எபநேசர் சார் எழுதுவார். டாக்டர் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சாருக்கு மாசி மாதம் மூளையில் ரத்தம் கட்டியது. கைகால் தப்பித்தது, சொல் மட்டும் போய்விட்டது. காதில் விழுவதைக் கை எழுதிவிடும். தானாக ஒரு சொல் எடுங்கள் என்றால் வாய் திறந்தபடி நின்றுபோகும். தினமும் யாராவது சொல்லச் சொல்ல இவர் எழுத வேண்டும், யாராவது வார்த்தை கேட்டு இவர் பதில் சொல்லிப் பழக வேண்டும், அப்படிச் செய்தால் கொஞ்சம் திரும்பினாலும் திரும்பும் என்றார் டாக்டர். இந்த முதியோர் இல்லத்தில் அதற்கு ஆள் நான்தான். ஒரே அறை, அடுத்தடுத்த கட்டில்.

என் பெயர் பேச்சிமுத்து. வயது எண்பது. கைநாட்டு. பாளையங்கோட்டையில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் மணியடித்தேன். கடிகாரத்தைப் பார்த்துத் தண்டவாளத் துண்டில் இரும்புக் கம்பியால் அடிக்க வேண்டும். ஒரு நிமிஷம் முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை. அந்தத் தண்டவாளம் தொங்கியது எட்டாம் வகுப்பு பி பிரிவு ஜன்னலுக்கு வெளியே. உள்ளே இங்கிலீஷ் எடுத்தவர்தான் இப்போது இதை எழுதுகிறார்.

சொன்னதை எழுதுகிறாரா என்று முதல் பக்கத்தை லூர்தம்மாளிடம் காட்டினேன். அவள் இந்த இல்லத்தின் மேட்ரன். படித்துப் பார்த்து, "நீங்க பேசுத மாதிரி இல்ல தாத்தா, புஸ்தகம் மாதிரி இருக்கு. ஆனா நீங்க சொன்னதுதான்" என்றாள். வாத்தியார் கை அல்லவா. என் பேச்சை அதுவே திருத்திக்கொள்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

சாரின் முறையைச் சொல்ல வேண்டும். தினம் பத்து வார்த்தை. கரும்பலகையில் இடது பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, வலது பக்கம் தமிழ் அர்த்தம், கீழே அந்த வார்த்தையை வைத்து ஒரு வாக்கியம். மறுநாள் முதல் பீரியடில் புத்தகத்தை மூடச் சொல்லி எல்லாரையும் எழுப்பி நிறுத்துவார். வார்த்தையைச் சொல்வார். அர்த்தமும் வாக்கியமும் சரியாகச் சொன்னவன் உட்காரலாம். உட்காருவதற்கு முன்னால், சொல்லாதவன் ஒவ்வொருவனிடமும் போய், இடது கையால் அவன் மூக்கைப் பிடித்து, வலது கை விரல் கணுவால் உச்சந்தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும். வாத்தியார் அடித்தால் பயம்தான் வரும், கூடப் படிக்கிறவன் குட்டினால் ரோஷம் வரும், ரோஷத்தில் ஏறிய வார்த்தை இறங்காது என்பார்.

ஒருத்தனுக்கும் தெரியாவிட்டால் ஜன்னல் பக்கம் திரும்புவார். "எலே பேச்சி, உள்ள வா."

முதல் தடவை அவர் கேட்டது 'ரிலக்டன்ட்'. 'மனமில்லாத' என்றேன். முந்தின நாள் ஜன்னல் வழியே காதில் விழுந்ததுதான். வாக்கியமும் சொன்னேன். சார் மேசையைத் தட்டிச் சிரித்தார். பையன்களைப் பார்த்து, மணியடிக்கிறவனுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லையே என்றார். குட்டிவிட்டுப் போ என்றார். நாற்பத்திரண்டு தலை. வக்கீல் வீட்டுப் பிள்ளை, மில் மேனேஜர் பிள்ளை, எண்ணெய் தேய்த்த தலை, ஷாம்பு போட்ட தலை. விரல் கணு இரண்டு நாள் வலித்தது. நல்ல வலி.

இன்று சாரிடம் பத்து வார்த்தை கேட்டேன். இரண்டு சொன்னார். மீதி எட்டுக்கு எட்டுக் குட்டு வைத்தேன். அவர் முறைதானே. மெதுவாகத்தான் வைத்தேன். இதை எழுத வேண்டாம் என்றேன்.

ஜூன் 6, வியாழன்

காலையில் புட்டு. மழை இல்லை. பத்தில் ஒன்று சொன்னார். ஒன்பது குட்டு. எழுத வேண்டாம் என்றேன்.

ஜூன் 9, ஞாயிறு

சாரின் மகள் மஸ்கட்டிலிருந்து முகம் தெரிகிற போன் போட்டாள். லூர்தம்மாள் போனைப் பிடித்துக்கொண்டாள். மகள் அழுதாள். சார் அவள் பெயரைச் சொல்லப் பார்த்தார், வரவில்லை. சிரித்துச் சமாளித்தார். பிறகு என்னைக் காட்டச் சொன்னாள். அப்பாவுக்குத் தினமும் வார்த்தை சொல்லிக் கொடுக்கிறீர்களாமே, இந்த நன்றியை எப்படித் தீர்ப்பேன் அண்ணாச்சி என்றாள். அப்பா தலையைத் தடவிக்கொண்டே இருக்கிறாரே, வலிக்கிறதோ என்று கேட்டாள்.

"வேர்க்குரு" என்றேன்.

ஜூன் 12, புதன்

இன்று என் மகன் பேசினான்.

நாற்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு போனில் ஐயம்பெருமாள் குரல். என்னோடு பேசவில்லை, லூர்தம்மாளோடு பேசினான். அவள்தான் அங்கே இங்கே விசாரித்து நம்பர் பிடித்து, உங்கள் அப்பாவுக்கு எண்பதாகிறது, ஒரு முறை வந்து பார்க்கக்கூடாதா என்று சொல்லியிருக்கிறாள். ஜூலை ஏழாம் தேதி ஞாயிறு வருகிறானாம். பார்த்துவிட்டு, கூட்டிப்போவதா வேண்டாமா என்று அன்றைக்கே சொல்கிறேன் என்றானாம்.

கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். பதின்மூன்று வயதில் போனவன். என் பெண்டாட்டி சண்முகவடிவு மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை போய் அவனைப் பார்த்து வருவாள். மூன்று வருஷம் முன்பு அவள் போய்ச் சேர்ந்தபோது வந்தான், கொள்ளி வைத்தான், சாயங்கால பஸ்ஸில் போய்விட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை, வாயும் திறக்கவில்லை.

இந்தக் கட்டிலில் எனக்கு முன்னால் மூன்று பேர் செத்திருக்கிறார்கள். நாலாவது ஆளாக எனக்கு மனமில்லை. ரிலக்டன்ட். மகன் வீட்டில், எவ்வளவு சத்தமான பட்டறையானாலும் சரி, அதற்குப் பின்னால் ஒரு பாய் போட்டுக் கிடந்து சாக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஜூன் 13, வியாழன்

அவன் எதற்குப் போனான் என்பது எனக்கும் சாருக்கும் தெரியும். அதைச் சரிசெய்ய சாரால்தான் முடியும். இன்று காலை அவருக்கு ஒரு வாக்கியம் கொடுத்தேன். நாலே சொல்: "நான் சொல்லித்தான் பேச்சி குட்டினான்." ஐயம்பெருமாள் வந்து நிற்கும்போது இதை அவர் வாயால் சொல்ல வேண்டும். நான் சொல்வதைக் கேட்டு எழுதினால் போதாது, தானாகச் சொல்ல வேண்டும். எழுதினால் நான் சொல்லி எழுதியது என்பான்.

இருபத்து நாலு நாள் இருக்கிறது. 'நான்' வந்தது. அதற்கு மேல் வரவில்லை. பத்து வார்த்தைக்கு எட்டு, வாக்கியத்துக்கு மூன்று, ஆகப் பதினொன்று. எழுத வேண்டாம் என்றேன்.

ஜூன் 17, திங்கள்

லூர்தம்மாள் காய் நறுக்க ஆள் இல்லை என்றாள். இரண்டு கிலோ அவரைக்காய் நார் உரித்துக் கொடுத்தேன்.

எனக்கு எத்தனை வார்த்தை தெரியும் என்று இன்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மூவாயிரத்துக்குக் குறையாது. எந்த வார்த்தை எந்தக் கிழமை, மழை பெய்ததா வெயிலா என்பதுவரை சொல்வேன். 'ஹேஸ்டி', அவசரமான, அன்றைக்கு ஒரு பையன் வாந்தி எடுத்தான். 'பாரன்', தரிசான, ஆனி மாதம், காற்று, கரும்பலகை விழுந்தது. ஒன்றும் போகவில்லை. வார்த்தை தெரிந்தால் கண் மாறிவிடும். தலைமையாசிரியர் வருகிறார் என்றால் எல்லாருக்கும் தலைமையாசிரியர்தான் தெரியும். எனக்கு 'பாம்பஸ்' வருவது தெரியும், வீண் பகட்டுள்ள. மனசுக்குள் சொல்லிக்கொண்டு சலாம் போடுவேன்.

வார்த்தை பெரும்பாலும் ஜன்னலில் பிடித்தேன், கொஞ்சம் வீட்டில். ஐயம்பெருமாள் வீட்டை விட்டுப் போன வருஷம் எட்டு பி. விளக்கு வைத்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சத்தமாகப் படிப்பான். ஜன்னலில் எனக்கு விட்டுப்போனது அவன் வாயில் கிடைத்துவிடும். வெள்ளிக்கிழமை தோறும் எழுத்துத் தேர்வு வைப்பார் சார். திருத்திய பேப்பரைப் பையன் வீட்டுக்குக் கொண்டுவருவான். எழுத்துத் தெரியாத நான் அதில் என்ன பார்க்கிறது. அவன் அம்மா அடுப்புப் பற்றவைக்க எடுத்து வைத்துக்கொள்வாள்.

வகுப்புக்குள் கூப்பிட்ட நாட்களில் நான் வீட்டுக்கு வருகிற நடையே வேறு. சண்முகவடிவு என் செருப்புச் சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்வாள். அன்றைக்கு அவள் முகம் தெளிவாக இருக்கும். ஏன் என்று நான் கேட்டதில்லை.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது சார் பேனாவை வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பத்து விரல். என்ன சார் என்றேன். "பத்து" என்றார். தானாக வந்த சொல்! ஆனால் கேட்காத சொல். மணி பத்துக்கு டீ வரும், அதைக் கேட்கிறார் என்று லூர்தம்மாளிடம் சொன்னேன்.

டீ வந்தது. குடிக்கவில்லை. திரும்பவும் விரலை விரித்தார்.

ஜூன் 21, வெள்ளி

அந்த நாளைச் சொல்லி வைக்கிறேன். நோட்டில் இருக்கட்டும். ஐயம்பெருமாள் படிப்பான்.

எண்பத்தொன்றாம் வருஷம், ஆடி, புதன்கிழமை. கல்வி அதிகாரி பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தார். வெள்ளைச் சட்டை, இடது பைக்குக் கீழே நீல மைக்கறை, கையில் மூங்கில் பிடி வைத்த குடை. வாசலில் தேய்த்துவிட்டு வந்தும் அவர் செருப்பில் சாணி ஒட்டியிருந்தது. எட்டு பி-க்குள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சார் அவர் முன்னால் தன் முறையைக் காட்டினார். ஒரு வார்த்தை கேட்டார். எந்த வார்த்தை என்பது இப்போது முக்கியமில்லை. பையன்களுக்குத் தெரியவில்லை. என்னைக் கூப்பிட்டார். அர்த்தம் சொல்லப்பட்டது. குட்டச் சொன்னார். குட்டிக்கொண்டே வந்தேன். ஐயம்பெருமாள் முன்னால் வந்தபோது கை வழுக்கிக் காதில் பட்டுவிட்டது. விழுந்துவிட்டான். காதில் கொஞ்சம் ரத்தம். மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை, அதற்கு மறுநாள் வீட்டிலேயே இல்லை.

சார் சொன்னார், நான் செய்தேன். சொல்வது வாத்தியார், செய்வது பியூன். அங்கே எனக்கென்று ஒரு மனசு ஏது.

இந்த இடத்தில் சாரின் பேனா நின்றது. எழுதுங்க சார் என்றேன். எழுதினார்.

ஜூன் 24, திங்கள்

மூன்று நாளாக 'நான்' கூட இல்லை. பொறுமை போய்விட்டது. "சொல்லும்வே" என்றேன். சாரை மரியாதை விட்டு 'வே' என்று சொன்னது இன்றுதான் முதல் தடவை. வாயில் கசக்கவில்லை. பதினான்கு. பத்தாவதில் கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை. எங்கள் வகுப்பிலும் யாரும் சத்தம் போடக்கூடாது, போட்டால் இன்னொன்று. அந்தச் சட்டம் அவர் வைத்ததுதான்.

எழுத வேண்டாம் என்றேன். தலையை ஆட்டினார்.

ஜூன் 28, வெள்ளி

லுங்கி இரண்டு துவைத்தேன். கொடியில் இடமில்லை, ஜன்னல் கம்பியில் போட்டேன்.

பதினொரு மணிக்கு உட்கார்ந்தோம். நான் 'ஜெனரஸ்' கேட்டேன், தாராளமான. சார் என்னையே பார்த்தார். பிறகு தெளிவாக, பழைய வகுப்புக் குரலில், "ஃப்ரூகல்" என்றார்.

நான் அதைக் கேட்கவில்லை என்றேன். "ஃப்ரூகல்" என்றார் மறுபடியும். கையை விரித்தார், பத்து விரல். "பத்துக்கு" என்றார். "பத்துக்குப் பத்து."

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கேட்காததைச் சொன்னால் எங்கள் வகுப்பில் இரட்டைக் குட்டு. வைத்தேன். கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டது. எழுத வேண்டாம் என்றேன்.

ஜூலை 2, செவ்வாய்

வந்துவிட்டது. "நான் சொல்லித்தான் பேச்சி" வரை வந்துவிட்டது. டாக்டர் சொன்னது சரிதான், பழக்கினால் வரும். நான் ஒரு சொல்லைச் சொல்லி விரலை மடக்கிக் காட்டினால் அடுத்த சொல் பின்னாலேயே வருகிறது. விரல் கணுவைப் பார்த்தால்தான் வருகிறது. எப்படி வந்தால் என்ன.

ஜூலை 5, வெள்ளி

நாலு சொல்லும் வந்தது. மூன்று தடவை சொல்ல வைத்தேன், மூன்று தடவையும் பிசகவில்லை.

சவரம் செய்துகொண்டேன். சாருக்கும் செய்யச் சொன்னேன். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது லூர்தம்மாள் உச்சியில் தடித்திருப்பதைப் பார்த்துவிட்டாள். என்ன தாத்தா இது, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வீங்கியிருக்கே என்றாள். குளியலறைக் கதவு நிலை தாழ்வு, இவர் உயரம் என்றேன். மருந்து போட்டாள். நிலைக்கு ஒரு துணியும் சுற்றிவிட்டுப் போனாள்.

ஜூலை 6, சனி

பையை எடுத்து வைத்துவிட்டேன். இரண்டு வேட்டி, நாலு சட்டை, சண்முகவடிவு போட்டோ.

ஜூலை 7, ஞாயிறு

பத்து நாற்பதுக்கு வந்தான். தலை முழுக்க வெள்ளை. கையில் லேத் வேலைக்காரனின் தழும்புகள். லூர்தம்மாள் நாற்காலி போட்டாள். அவள் பேசும்போது முகத்தைத் திருப்பி வலது காதைக் கொடுத்துக் கேட்டான். நான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை ஐயா என்று கூப்பிட்டும் திரும்பவில்லை. வேண்டுமென்று திரும்பவில்லை என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பக்கம் அவனுக்குக் கேட்காது.

எழுந்து வலது பக்கம் போய், சார் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டுமாம் என்றேன். மடித்த விரலை முழங்காலுக்கு மேல் வைத்துக்கொண்டேன். சார் அதைப் பார்த்தார்.

"நான் சொல்லித்தான் பேச்சி குட்டினான்."

நாலு சொல்லும் விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

"தெரியும் சார்" என்றான் ஐயம்பெருமாள். "நீங்க சொன்னீங்க, அவரு குட்டுனாரு. கிளாஸே பாத்துச்சு. இதுல என்ன இருக்கு."

அவ்வளவுதான். இருபத்து நாலு நாள் பாடு அந்த ஒரு பேச்சில் போய்விட்டது.

லூர்தம்மாள் சும்மா இருக்காமல் நோட்டை எடுத்துக் கொடுத்தாள். உங்கள் அப்பா சொல்லச் சொல்ல சார் எழுதியது, தினமும் எழுதினார்கள், நான் முதல் பக்கம்தான் படித்தேன், நீங்கள் படியுங்கள் என்றாள். நானும் படிக்கட்டும் என்று இருந்தேன். என் பக்கத்து நியாயம் அதில் இருக்கிறதே. வராந்தாவில் உட்கார்ந்து படித்தான். டீ ஆடை கட்டிப்போய்விட்டது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தான், திரும்பவும் சில பக்கங்களைப் புரட்டினான்.

உள்ளே வந்து நேரே சாரிடம் போனான். உச்சந்தலையைப் பார்ப்பதற்காகக் கையைக் கொண்டுபோனான். கை கிட்டே வந்ததும் சார் தலையைக் குனிந்து, தன் மூக்கைத் தானே இடது கையால் பிடித்துக்கொண்டார்.

ஐயம்பெருமாள் கையை எடுத்துவிட்டான். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"'எழுத வேண்டாம் என்றேன்'. இது பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கு" என்றான். "எத்தன குட்டுன்னும் எழுதியிருக்கு. எண்ணிப் பாத்தேன், பாதியில விட்டுட்டேன்."

சார் காதில் விழுந்ததை எல்லாம் எழுதியிருக்கிறார். கை அவருக்குக் கேட்டதைச் செய்தது. நான் கைநாட்டு.

"அந்த வார்த்த என்னன்னு மட்டும் இதுல இல்ல" என்றான். "மைக்கற இருக்கு, சாணி இருக்கு. வார்த்த இல்ல."

நான் பையை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"ஃப்ரூகல். சிக்கனமான. அன்னைக்கு ஒமக்கு அது வரல. அதிகாரி முன்னால வாயத் தொறந்துக்கிட்டு நின்னீரு. பாக்கச் சகிக்காம நான் சொன்னேன். வாக்கியமும் சொன்னேன். மை மதர் இஸ் ஃப்ரூகல். அதிகாரி சிரிச்சாரு. சாரும் சிரிச்சுக்கிட்டே, 'சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான், அப்பனக் குட்டுலே'ன்னாரு. நான் கையத் தூக்கல. நீருதான் தூக்குனீரு."

கத்தவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னான். அப்போது நான் ஒன்றே ஒன்று கேட்டேன். வார்த்தையெல்லாம் தெரிந்தவன் மற்ற நாளெல்லாம் ஏன் வாய் மூடி நின்று என்னிடம் குட்டு வாங்கினாய் என்று.

"நான் சொல்லிட்டா ஒம்மக் கூப்பிட மாட்டாங்க" என்றான். "ஒம்மக் கூப்பிட்ட அன்னைக்கு நீரு அம்மாவ அடிக்க மாட்டீரு."

லூர்தம்மாள் வாசலில் நின்றவள் உள்ளே வரவில்லை.

"வெள்ளிக்கெழம பேப்பர்ல எல்லாம் பத்துக்குப் பத்து. வீட்லதான கெடந்துச்சு. ஒமக்கு நம்பர் தெரியும்லா?"

சார் இரண்டு கையையும் தூக்கி விரித்துக் காட்டினார். ஐயம்பெருமாள் அவரைப் பார்த்து, "நீங்களும் தெரிஞ்சுதான் அவரக் கூப்பிட்டீங்க சார்" என்றான். சார் கையைக் கீழே போட்டார்.

சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிடவில்லை. சாரை வேறு அறைக்கு மாற்றுங்கள் என்று லூர்தம்மாளிடம் சொன்னான். என் பையைப் பார்த்தான், கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டான். வந்ததிலிருந்து போகிறவரை ஒரு தடவைகூட அப்பா என்று சொல்லவில்லை. ஒன்று பதினைந்துக்குப் போய்விட்டான்.

ஜூலை 8, திங்கள்

இட்லி சாப்பிட்டதும் சாரை மாடி அறைக்குக் கொண்டுபோகிறார்கள். போர்வை, செருப்பு, பைபிள் எல்லாம் கட்டியாகிவிட்டது. லூர்தம்மாள் காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. அரை மணி நேரம் இருக்கிறது. இதுதான் கடைசி எழுத்து.

தரையில் உட்கார்ந்து என் மூக்கைப் பிடித்துக்கொண்டு சார் முன்னால் தலையைக் குனிந்தேன். குட்டுங்க சார் என்றேன். கை வரவில்லை. மனமில்லையோ, நான் கேட்டது புரியவில்லையோ. கழுத்து வலிக்கிறவரை குனிந்திருந்தேன். எழுதுங்க என்றால்தான் அந்தக் கை வரும். எழுதுங்க சார் என்றேன். பேனா மூடியைத் திறந்தார்.

ஃப்ரூகல் எனக்கு அன்று வரவில்லை. மூவாயிரத்தில் அது ஒன்றுதான். வார்த்தை போனதற்காக நான் அவனை அறையவில்லை. அவன் குட்டுவதற்குக் கையைத் தூக்காமல் என்னைப் பார்த்தானே, பாவம் என்கிற மாதிரி, அதற்காக அறைந்தேன். கை வழுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பேப்பரை அவன் அடுப்பு மேடையில்தான் வைப்பான். நான் வந்ததும் கண்ணில் படுகிற இடம். மேல் மூலையில் சிவப்பு மையில் ஒரு பத்து, அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இன்னொரு பத்து. ஜூனிலிருந்து ஆடி வரை எல்லா வெள்ளிக்கிழமையும் அதேதான். பார்ப்பேன். பார்த்துவிட்டு, அவன் அம்மாவிடம் அடுப்பில் போடச் சொல்வேன். அவனுக்குத் தெரியும் என்று ஊருக்குத் தெரிந்தால் என்னை உள்ளே கூப்பிட மாட்டார்கள்.

முப்பத்தொரு வருஷம் கடிகாரம் பார்த்து மணியடித்தவன் நான். எனக்குப் பத்து தெரியும். இதையும் எழுதுங்க சார் என்றேன்.